வருமானவரி ரீஃபண்ட் பழைய பாக்கிக்குப் பிடிக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திருமங்கலத்திலிருந்து என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வைப்புத்தொகை வட்டியில் வங்கி கூடுதலாகப் பிடித்திருந்த வரியில் 23,600 ரூபாய் அவருக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. பல் கட்டிக்கொள்வதற்கு அந்தத் தொகையைத்தான் அவர் நம்பியிருந்தார். பணத்துக்குப் பதிலாக, அந்த ரீஃபண்டைப் பழைய நிலுவையில் கழித்துக்கொள்ள உத்தேசித்திருப்பதாக வருமானவரித் துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வந்திருந்தன. "நான் யாருக்குப்பா பாக்கி வச்சேன்?" என்று அவர் கேட்டபோது அந்தக் குரலில் இருந்த அவமான உணர்வு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் சம்பளத்தில் ஒழுங்காக வரி பிடிக்கப்பட்ட ஒருவரைக் கடனாளி என்று ஒரு கணினி எழுதிவிட்டால், அது பணத்தை மட்டும் தொடுவதில்லை.

அந்த அனுபவத்துக்குப் பின், உறவினர்களும் தெருக்காரர்களும் இத்தகைய நோட்டீஸ்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். எல்லோரும் கேட்கும் கேள்வி, "ரீஃபண்டை எப்படி வாங்குவது?" என்பதுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரீஃபண்டுக்குப் பின்னாலும் ஏதோ ஓர் ஆண்டின் டிமாண்ட், அதாவது நிலுவைக் கேட்பு, உட்கார்ந்திருக்கிறது. அந்த டிமாண்ட் சரியா, தவறா என்பதைத் தீர்க்காமல் ரீஃபண்டைப் பற்றி எத்தனை முறை புகார் செய்தாலும் பயனில்லை. இந்த ஆண்டு போனது போலவே அடுத்த ஆண்டு ரீஃபண்டும் போகும்.

சட்டம் எதை அனுமதிக்கிறது

1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு, ஒருவருக்குத் தர வேண்டிய ரீஃபண்டை, அவர் அதே சட்டத்தின்கீழ் செலுத்தாமல் வைத்திருக்கும் தொகையில் கழித்துக்கொள்ளத் துறைக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அவ்வாறு கழிக்கப்போவதை எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே கழிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எனினும் முந்தைய ஆண்டுகளின் பாக்கிகளும் அவற்றுக்கான நோட்டீஸ்களும் பழைய எண்களையே தாங்கியிருக்கும் என்பதால் இங்கு அவற்றையே பயன்படுத்துகிறேன்.

நம் பக்கத்தில் பலருக்கு இருக்கும் ஓர் அச்சத்தை இங்கேயே நீக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றுக்காக வருமானவரித் துறை உங்கள் ரீஃபண்டை 245-ஆம் பிரிவின்கீழ் பிடிப்பதில்லை. வங்கிக் கடனுக்காக ரீஃபண்ட் போவது வேறு வழியில் நடக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன். அதேபோல் கழித்துக்கொள்வது வேறு, நிறுத்திவைப்பது வேறு. உங்கள் கணக்கின் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, முதன்மை ஆணையர் அல்லது ஆணையரின் ஒப்புதலுடன் ரீஃபண்டை நிறுத்திவைக்க முடியும். அதற்குப் பழைய பாக்கி இருக்க வேண்டும் என்பதில்லை. விசாரணைக்குப் பதில் தருவதே வழி. கையில் உள்ள நோட்டீஸ் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் படித்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வந்தது உண்மையான நோட்டீஸ்தானா

ரீஃபண்ட் பெயரில் மோசடிச் செய்திகள் ஏராளமாக வருகின்றன. குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். வருமானவரித் துறையின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, பான் எண்ணைக் கொண்டு உள்நுழைந்து பாருங்கள். உண்மையான நோட்டீஸ் அங்கே இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இடம்பெற வேண்டும். அந்த எண் மெய்யானதா என்று உள்நுழையாமலேயே தளத்தில் சரிபார்க்கும் வசதி உண்டு. நீங்கள் தாக்கல் செய்த கணக்கைச் செயலாக்கியபின் மின்னஞ்சலில் வரும் 143(1) அறிவிப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டால், பான் எண்ணின் எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாகவும் அதை ஒட்டிப் பிறந்த நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கங்களையும் இட வேண்டும்.

பாக்கி எங்கிருந்து வந்தது

தளத்தில் நுழைந்தபின் 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்பதைத் திறந்தால் உங்கள் பெயரில் உள்ள எல்லா நிலுவைகளும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டு ஆண்டு, எந்தப் பிரிவின்கீழ் எழுப்பப்பட்டது, என்றைய தேதியிட்டது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அந்தப் பாக்கியைத் திருத்தும் அதிகாரம் பெங்களூரிலுள்ள மையச் செயலாக்க மையத்திடம் இருக்கிறதா அல்லது உங்கள் மதிப்பீட்டு அலுவலரிடம் இருக்கிறதா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. அதிகாரம் உள்ளூர் அலுவலரிடம் இருக்கும்போது பெங்களூருக்கு எத்தனை மனு அனுப்பினாலும், அலுவலரை அணுகுங்கள் என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும்.

நான் பார்த்தவரையில் பாக்கி உருவாவதற்குச் சில காரணங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றுள் முதன்மையானது சலானில் மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகக் குறிப்பது. 2017-18 நிதியாண்டின் வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2018-19 ஆகும். இந்த ஓராண்டு வித்தியாசம் தெரியாமல் நிதியாண்டையே மதிப்பீட்டு ஆண்டு என்று எழுதிவிட்டால், கட்டிய வரி முந்தைய ஆண்டின் கணக்கில் போய் அநாதையாக நிற்கும்; கட்ட வேண்டிய ஆண்டிலோ பணமே கட்டவில்லை என்று டிமாண்ட் எழும். பெரியம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். 2018 ஜூலையில் அவருக்காக 14,200 ரூபாய்க்கு வங்கியில் சலான் நிரப்பிக் கொடுத்தவன் நான். ஆண்டைத் தவறாக எழுதியதும் நான்தான். செலுத்தப்படாத டிமாண்டுக்கு 220(2) பிரிவின்படி மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி உண்டு. மாதம் 142 ரூபாய் வீதம் மூன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 ரூபாய் சேர்ந்து, பாக்கி 20,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

அடுத்தது டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, பொருந்தாமை. கப்பலூர்ப் பக்கம் ஆலைகளுக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. பணம் கொடுத்தவர் வரியைப் பிடித்திருப்பார். ஆனால் தன் காலாண்டு அறிக்கையில் பான் எண்ணைத் தவறாக எழுதியிருப்பார், அல்லது பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமலேயே இருந்திருப்பார். உங்கள் பெயரில் வரவான வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை இல்லையென்றால், கணக்கில் நீங்கள் கோரிய வரவு மறுக்கப்பட்டு டிமாண்ட் வரும்.

மூன்றாவது வகை, 2010-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அலுவலகங்களின் கைப்பதிவேடுகளிலிருந்து கணினிக்கு ஏற்றப்பட்ட மிகப் பழைய பாக்கிகள். இவற்றில் சிலவற்றுக்கு எந்த உத்தரவும் நம் கைக்கு வந்திருக்காது. இத்தகைய சிறு பாக்கிகளைக் கைவிடுவதாக 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் 13-ஆம் தேதி உத்தரவும் வந்தது. 2010-11 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் 25,000 ரூபாய் வரையிலும், 2011-12 முதல் 2015-16 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் வரையிலும் உள்ள நிலுவைகள், ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு நீக்கப்பட்டன. உங்கள் பழைய பாக்கி இந்த வரம்புக்குள் இருந்தும் இன்னும் பட்டியலில் நின்றால், வாதத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். வரி பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டியவர்கள் மீதுள்ள டிடிஎஸ் பாக்கிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது.

பதில் தருவது

நோட்டீஸிலேயே பதிலுக்கான கெடு எழுதப்பட்டிருக்கும். அந்தக் கெடுவைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மௌனமாக இருந்தால் பாக்கியை ஒப்புக்கொண்டதாகக் கருதி ரீஃபண்டைக் கழித்துவிடுவார்கள். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று நோட்டீஸை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வருவது போதாது. அவர் பதில் அனுப்பிய ஒப்புகை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு தாக்கலாகும் பருவத்தில் அவரிடம் நூறு கோப்புகள் இருக்கும். உங்கள் கெடு உங்களுக்குத்தான் முக்கியம்.

பாக்கி உண்மையானது என்று உங்களுக்கே தெரிந்தால், கழித்துக்கொள்ள விடுவதே நல்லது. மாதந்தோறும் ஏறும் வட்டி அத்துடன் நிற்கும், மீதமுள்ள ரீஃபண்ட் உங்கள் கணக்குக்கு வரும். ஆனால் 'டிமாண்ட் இஸ் கரெக்ட்' என்று ஒரு முறை ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு அதே தளத்தில் மறுக்க முடியாது. ஆகையால் அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரீஃபண்ட் சீக்கிரம் வந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டு, பிறகு கட்டிய சலானைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவரை நான் பார்த்திருக்கிறேன்.

மறுப்பதானால் முழுவதையும் மறுக்கலாம், ஒரு பகுதியை மட்டும் மறுக்கலாம். காரணத்தைக் கேட்கும் பட்டியல் திறக்கும்: வரி ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது, திருத்த உத்தரவில் பாக்கி குறைந்துவிட்டது, மேல்முறையீட்டில் தீர்ந்துவிட்டது, மேல்முறையீடு நிலுவையில் உள்ளது, திருத்த மனு கொடுக்கப்பட்டுள்ளது என்பன போன்றவை அதில் இருக்கும். கட்டிவிட்டதாகச் சொன்னால், வங்கிக் கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு, பணம் கட்டிய தேதி, ஐந்து இலக்கச் சலான் வரிசை எண், தொகை ஆகியவற்றைக் கொடுத்து, சலானின் நகலையும் பதிவேற்ற வேண்டும். பழைய சலான் தாள்களில் மை மங்கிவிடும். பெரியம்மா அதை நகைப் பெட்டியில் வைத்திருந்ததால்தான் எண்களைப் படிக்க முடிந்தது. அனுப்பிய பின் கிடைக்கும் பரிவர்த்தனை எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மறுத்தவுடன் பெங்களூர் மையம் அதை மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும். அவர் 21 நாட்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று 2022 நவம்பரில் துறைக்குள் அறிவுறுத்தப்பட்டுள்ளது. பதில் வராமல் நீண்டால் இந்த அறிவுறுத்தலைச் சுட்டி நினைவூட்டுக் கடிதம் எழுதலாம்.

பாக்கியை வேரோடு நீக்குவது

மறுப்பு என்பது பிடித்தத்தைத் தடுத்து நிறுத்தும் கை மட்டுமே. டிமாண்ட் பதிவிலிருந்து நீங்க, அதற்குரிய தனி வேலையைச் செய்தாக வேண்டும். தவறான ஆண்டுக்குப் போன சலானாக இருந்தால், பணம் கட்டிய 7 நாட்களுக்குள் தளத்திலேயே ஆண்டை மாற்றும் வசதி இப்போது உள்ளது. அந்தக் காலம் கடந்துவிட்டால் மதிப்பீட்டு அலுவலரிடம் மனு கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். சலான் சரியான ஆண்டுக்கு வந்ததும் 154-ஆம் பிரிவின்கீழ் திருத்த மனு போட்டு, அந்த ஆண்டின் கணக்கை மறுபடி செயலாக்கச் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்துக்குக் காலவரம்பு உண்டு. எந்த நிதியாண்டில் உத்தரவு போடப்பட்டதோ அது முடிந்து நான்கு ஆண்டுகள் மட்டுமே. பெரியம்மாவின் உத்தரவு 2019 ஜனவரியில் வந்தது. ஆகவே 2023 மார்ச் 31 வரைதான் வாய்ப்பு. நோட்டீஸ் இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் அவருடைய வழி மிகக் கடினமாகியிருக்கும். ஆகையால் ரீஃபண்ட் வர வேண்டியவர்கள் மட்டுமன்றி எல்லோருமே ஆண்டுக்கு ஒரு முறை அந்த நிலுவைப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது.

டிடிஎஸ் குழப்பமானால், வரி பிடித்தவரிடம் சென்று காலாண்டு அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். அவர் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை என்றால், 205-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது: பிடிக்கப்பட்ட வரியை மறுபடி உங்களிடமிருந்து கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம். இத்தகைய டிமாண்டுகளை வலுக்கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூனிலும், மீண்டும் 2016 மார்ச்சிலும் அலுவலர்களுக்கு எழுதியிருக்கிறது. சம்பளச் சீட்டு, பில், வங்கிக் கணக்கில் வரி போக மீதி வந்ததைக் காட்டும் பதிவு ஆகியவை, வரி பிடிக்கப்பட்டதற்கான உங்கள் சான்றுகள். நேர்மையாக உழைத்தவரிடமிருந்து இரண்டு முறை வரி எடுப்பது பெரிய அநீதி என்று நான் கருதுவதால், இந்தப் பிரிவின் எண்ணை எல்லோரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

டிமாண்ட் கணக்குப் பிழையால் அன்றி, அலுவலரின் முடிவால் வந்திருந்தால் திருத்த மனு செல்லாது; உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் 35-ஆம் எண் படிவத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். மேல்முறையீடு மட்டும் வசூலை நிறுத்தாது. தகராறில் உள்ள தொகையில் 20 விழுக்காட்டைக் கட்டினால் முதல் மேல்முறையீடு முடியும்வரை மீதியை நிறுத்திவைக்கலாம் என்று வாரியத்தின் 2017 ஜூலை அறிவுறுத்தல் சொல்கிறது. அந்த 20 விழுக்காட்டுக்கு மேல் ரீஃபண்டில் பிடித்துக்கொண்ட தொகையைத் திருப்பித் தருமாறு 2021-ஆம் ஆண்டில் டில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் உண்டு.

பீபீகுளம் அலுவலகத்துக்குப் போகும்போது

மதுரையின் வருமானவரி அலுவலகம் பீபீகுளத்தில் உள்ளது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பேருந்து ஏறி வருவதற்கு முன், உங்கள் பான் எண் எந்த அலுவலரின் வரம்பில் இருக்கிறது என்பதைத் தளத்தில் 'நோ யுவர் ஏஓ' என்ற இடத்தில் பார்த்துவிடுங்கள். முன்பு சென்னையில் வேலை பார்த்தவர்களின் பான் இன்னும் சென்னையிலேயே இருக்கக்கூடும். அந்த நிலையில் இங்குள்ள அலுவலரால் எதையும் மாற்ற முடியாது, மாற்றல் கோரிக்கையை முதலில் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பான் எண், மதிப்பீட்டு ஆண்டு, டிமாண்டின் அடையாள எண், என்ன பிழை, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது, என்ன செய்யும்படி கேட்கிறீர்கள் என்ற வரிசையில் எழுதுங்கள். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், அலுவலகத்தில் மனுக்களை வாங்கும் ஆயகர் சேவா கேந்திரத்தில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாய்ச்சொல்லில் "பார்க்கிறோம்" என்பதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். முத்திரையிட்ட அந்தத் தாள்தான் பிறகு தளத்தில் குறைதீர்ப்பு மனு கொடுக்கும்போதும், மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்துக்குப் போகும்போதும் உங்கள் பேச்சுக்கு எடை தரும். பெங்களூர் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 103 0025.

நோட்டீஸ் எதுவும் வராமலேயே ரீஃபண்ட் கழிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறையைத் தனியாக, முதல் பத்தியிலேயே எழுதுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்து, பதிலைப் பரிசீலித்த பின்னரே கழிக்க வேண்டும் என்று 2013 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் துறைக்கு விரிவாக உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முன், தளத்தில் பதிந்துள்ள மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பழைய ஆடிட்டரின் எண்ணுக்கு நோட்டீஸ் போய்க்கொண்டிருக்கலாம். தொகை பெரிதாக இருந்து, எந்த மனுவுக்கும் பதிலில்லை என்றால், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு போட நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2004 ஜூலை 24 முதல் உயர்நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இயங்குகிறது. சிறு தொகைக்கு வழக்கறிஞர் செலவே அதை விழுங்கிவிடும் என்பதால் அதை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை.

வங்கி எடுத்துக்கொண்டால்

துறை ரீஃபண்டை முழுமையாக அனுப்பிய பிறகும், அது விழுந்த கணக்கிலிருந்து வங்கி தன் தவணைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்வது உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவையும் கடன் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட்ட நிபந்தனையையும் வங்கி காட்டும். இதைப் பொறுத்தவரை முன்யோசனையே சிறந்தது: கணக்கு தாக்கல் செய்வதற்கு முன், கடன் பாக்கி இல்லாத வேறொரு வங்கியின் கணக்கைத் தளத்தில் சேர்த்துச் சரிபார்த்து, ரீஃபண்டுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். கடனைக் கட்டாமல் தப்பிக்க வழி சொல்லவில்லை. மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் முன்பே ஒதுக்கிய பணம் சொல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். எடுத்துவிட்டார்கள் என்றால், எந்தக் கடனுக்கு, எந்த நிபந்தனையின்படி எடுத்தீர்கள் என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கடன் வாங்கியவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒரே நபர்தானா என்பதே முதல் கேள்வி. கணவரின் கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவியின் கணக்கைத் தொட வங்கிக்கு உரிமையில்லை. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பெரியம்மாவின் சலான் நவம்பரில் சரியான ஆண்டுக்கு மாற்றப்பட்டது. டிசம்பரில் திருத்த மனு போட்டோம். 2023 பிப்ரவரியில் 2018-19-இன் டிமாண்ட் பூஜ்யமானது. சில நாட்களில் ரீஃபண்ட் முழுவதும், 244ஏ பிரிவின்படி மாதம் அரை விழுக்காடு வட்டியுடன் வந்து சேர்ந்தது. அந்த வட்டிக்கும் வரி உண்டு என்பதால், அடுத்த கணக்கில் அதைப் பிற வருமானம் என்ற தலைப்பின்கீழ் காட்டினோம். சலான் கட்ட வேண்டியிருக்கவில்லை என்றாலும், மதிப்பீட்டு ஆண்டு என்ற கட்டத்தைப் பெரியம்மா தன் கண்ணாலேயே ஒரு முறை படித்துப் பார்த்த பிறகுதான் என்னைத் தாக்கல் செய்ய விட்டார்.